பேசித் தீரும் பிணி

உடலில் தோன்றும் நோய்க்கு நாணுவார் இலர். காய்ச்சல் கண்டவன் வைத்தியசாலையை நாடுகின்றான். கை முறிந்தவன் கட்டுப் போட்டுக்கொண்டு பலரும் காண உலவுகின்றான். உள்ளத்தில் தோன்றும் துயரத்தையோ மக்கள் மறைக்கின்றனர். பிறரிடமிருந்து மறைப்பதோடு அமையாமல், தமக்குத் தாமே மறைத்துக்கொள்ளுகின்றனர். அங்ஙனம் மறைத்த துயரம் மறைந்தொழிவதில்லை என்பதும், தக்கார் ஒருவரிடம் பேசிப் பேசி அதனைத் தெளிந்துகொள்ளலாம் என்பதும், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக வளர்ந்துவந்துள்ள ஓர் உளமருத்துவ முறையின் அடிப்படைக் கொள்கைகளாம். உள்ளத்தினுள் ஒன்றையொன்று எதிர்த்து இயங்கும் விசைகளை ஆராய்வதால் அதனை உளவியக்கச் சிகிச்சை என்பர். அம்முறை வயது வந்தோர்க்கு எவ்வாறு உதவுகின்றது என்று விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியொன்றை முதற்கண் கூறிவிடுதல் முறை. பல ஆண்டுகட்கு முன் யான் ஒரு மாணவர் விடுதியின் பொறுப்பை ஏற்றிருந்தேன். ஓர் இரவு பத்து மணிக்கு மேல் மாணவனொருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். "உறக்கம் வரவில்லை, ஐயா, நெஞ்சு என்னவோ செய்கின்றது," என்றான். அவனை உட்காரச் செய்து, மனவுறுதியைப் பற்றியும், இடுக்கண்களை வென்ற பெரியோர்களைப் பற்றியும் கால்மணி நேரம் பேசினேன். அவன், "நன்றி, ஐயா," என்று கைகூப்பிச் சென்றான்; மீண்டும் வரவில்லை. நலமடைந்தான் என்றே யான் எண்ணியிருந்தேன். ஆண்டுகள் சில சென்றபின் ஒரு புகைவண்டி நிலையத்தில் அவனைக் கண்டேன். பழைய நாட்களைப் பற்றிப் பேசுகையில் அவன் புன்முறுவலோடு, "அன்றிரவு, என்ன நேர்ந்தது என்று தாங்கள் ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், ஐயா," என்றான். அச்சொல் இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை. பேசத் தெரிந்த எனக்குக் கேட்கத் தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இனி விஷயத்திற்கு வருவோம். இம்முறையின் வரலாறு ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் தொடங்குகின்றது. 1880ஆம் ஆண்டின் இறுதியில் ஜோசப் புரோயர் என்னும் மருத்துவர், இருபத்தொரு வயது நங்கை ஒருத்திக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். நோயுற்ற தந்தையின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்து பணிவிடை புரிந்த அவளுக்குக் கைகால்கள் செயலிழந்தன; பார்வை குன்றியது; சிலகாலம் தாய்மொழியாகிய ஜெர்மனும் மறந்து, ஆங்கிலத்தில் மட்டுமே பேசலானாள். ஒரு கோடையில், தாகம் வருத்தியபோதும், குவளை இதழைத் தொட்டவுடன் அதனை விலக்கித் தள்ளினாள். ஏறத்தாழ ஆறு வார காலம் பழங்களை உண்டே தாகம் தணித்துவந்தாள். ஒருநாள் அறிதுயில் நிலையில் அவள் ஒரு செய்தியை வெளியிட்டாள். தனக்குத் துணையாக இருந்த ஆங்கில மாதின் நாய், ஒரு குவளையிலிருந்து நீர் குடித்ததை அவள் கண்டாளாம்; மரியாதை கருதி அருவருப்பை வெளிக்காட்டாது அடக்கிக்கொண்டாளாம். இதனை வெகு சினத்துடன் கூறி முடித்ததும், நீர் வேண்டுமென்று கேட்டு வாங்கி நிறையப் பருகினாள். அத்தடை அன்றோடு ஒழிந்தது.

சொல்லாது விழுங்கிய உணர்ச்சியே நோய்க்குறியாய் உருக்கொண்டது என்றும், சொன்னவுடன் அது கரைந்தது என்றும் புரோயர் கருதினார். அந்நங்கையே இச்சிகிச்சைக்குப் "பேச்சு வைத்தியம்" என்று பெயரிட்டாள். வேடிக்கையாகப் பேசும்போது "புகைபோக்கி துடைத்தல்" என்பாள். 1895இல் புரோயரும், அவரினும் இளையவரான சிக்மண்டு பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில், அன்னா ஓ. என்னும் புனைபெயருடன் அவள் வரலாறு இடம்பெற்றது.

ஆயினும் அவ்வரலாறு நூலிற் கண்ட அளவுக்கு எளிதாய் முடிந்துவிடவில்லை. 1882இல் புரோயரின் சிகிச்சை நின்ற சின்னாட்களில் அவள் சுவிட்சர்லாந்தில் உள்ள ஒரு நோயகத்திற்கு அனுப்பப்பட்டாள். அதன் பின்னும் சில ஆண்டுகள் துன்புற்றாள். பிற்காலத்தில் அவர் பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் தம் இயற்பெயரால் புகழ் பெற்றார். 1904இல் ஜெர்மனியில் யூத மாதர் சங்கத்தை நிறுவி, ஆதரவற்ற பெண்களுக்காக உழைத்து 1936இல் மறைந்தார். நெஞ்சிலுள்ளதைக் கொட்டிவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்னும் கருத்துக்கு முதற்சான்றாகக் காட்டப்பட்டவர், கொட்டிய அளவிலேயே குணமடைந்தாரல்லர். இதனை நாம் நன்கு மனங்கொள்ள வேண்டும். அழுதால் பாரம் குறையும் என்பது உண்மையே. ஆனால் இறக்கிவைத்த பாரத்தை மறுநாள் மீண்டும் தலைமேல் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உளதாயின், ஒருமுறை அழுவது போதுமோ? அப்பழக்கத்தை அறிவதும் மாற்றுவதுமே இச்சிகிச்சையின் உயிர்நிலை.

அறிதுயிலைக் கைவிட்டு, விழித்திருக்கும் மனத்தோடு பேசும் வழியைக் கண்டவர் பிராய்டு. அவ்வழியையும் அவர்க்குக் கற்பித்தவர்களுள் நோயாளர்களும் இருந்தனர். இது எதனால், அது எதனால் என்று அவர் ஓயாது வினவியதைப் பொறாத ஒரு மாது, தான் சொல்ல விரும்புவதைச் சொல்லவிடுமாறு அவரைக் கடிந்துகொண்டாள். பிராய்டும் அதற்கு இணங்கினார். உள்ளத்தில் எழும் எதனையும், அற்பமென்றோ அவமானமென்றோ தள்ளாமல், எழுந்தபடியே சொல்லுக என்பதே பின்னர் அவர் வகுத்த முதல் விதியாயிற்று. சொல்லுதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதியைக் கைக்கொள்ளுதல் மிக அரிது. சிறிது நேரம் முயன்று பார்ப்பவர், எங்கே தம் நா தடைப்படுகின்றது, எங்கே பேச்சு வேறு திசைக்குத் தாவுகின்றது என்பதைத் தாமே காண்பர். தடைப்படும் இடமே ஆராய்தற்குரிய இடம்.

ஏன் தடைப்படுகின்றது? மனிதன் உள்ளத்தில் ஒரே பொருளைக் குறித்து அன்பும் சினமும், ஆசையும் அச்சமும் ஒருங்கே எழுதல் இயல்பு. தாயை நேசிக்கும் மகனே அவள்மேல் சினமும் கொள்ளுகின்றான். அச்சினம் தகாதது என்று அஞ்சும்போது, அதனை நினைவிற்கு எட்டாத அடிமனத்தில் ஒடுக்கிவிடுகின்றான். ஒடுக்குவதற்கும் ஒடுக்கியதை எழாமற் காப்பதற்கும் வலிமை வேண்டும். கதவைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டு நிற்பவன் வேறு வேலை செய்ய இயலாதவாறு போல, அவன் வாழ்வின் ஊக்கமெல்லாம் காவற்றொழிலிலேயே செலவாகின்றது. காரணமறியாச் சோர்வு, உறக்கமின்மை, சிறு பிழைக்கும் தன்னைத்தானே வைதுகொள்ளல், நெருங்கிவரும் ஒவ்வொருவரிடமும் பிணங்கிப் பிரிதல் ஆகிய இவையெல்லாம் அக்காவலின் விளைவாக இருத்தல் கூடும்.

உள்ளம் தன்னைக் காத்துக்கொள்ளும் இவ்வுபாயங்களைப் பிராய்டின் மகளார் அன்னா பிராய்டு 1936இல் ஒரு தனிநூலில் வகுத்துரைத்தார். வலிமிக்க நிகழ்ச்சியை மறந்துவிடல், தன் சினத்தைப் பிறர்மேல் ஏற்றி அவரே தன்னைச் சினப்பதாக எண்ணல், சினத்தைத் தன்மேலேயே திருப்பிக்கொள்ளல் முதலியன அவற்றுட் சில. இவற்றைக் குற்றமென்று இகழ்தல் கூடாது. சிறு பிராயத்தில், வேறு வழியற்றிருந்த ஒரு குழந்தையை இவை காத்தன. குழந்தைப் பருவத்துச் சட்டை வளர்ந்தவனுக்குப் பொருந்தாது இறுக்குவது போல, அன்று காத்த உபாயம் இன்று வருத்துகின்றது, அவ்வளவே.

ஈண்டு ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். நாற்பது வயதுடைய அலுவலர் ஒருவர், நேர்மையாளர், எவர்க்கும் இனியர். எவர் எவ்வேலையைத் தந்தாலும் அவரால் மறுக்க இயலாது. மேலதிகாரி அழைத்தால் உடல் வியர்க்கும். இரவில் உறக்கம் இல்லை. இல்லத்தில் மட்டும் சிறு பிழைக்கும் குழந்தைகள்மேற் சீறிவிழுந்து, பின் தனியே இருந்து வருந்துவார். மருத்துவர் உடலில் நோயில்லை என்று கூறி, உளச்சிகிச்சை வல்லார் ஒருவரிடம் அனுப்புகின்றார்.

வாரத்திற்கு ஒருநாள், குறித்த நேரத்தில், குறித்த அறையில், ஐம்பது நிமிடம் இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுகின்றனர். பிராய்டின் அறையிலிருந்த சாய்மஞ்சத்தைப் பலரும் கேள்வியுற்றிருப்பர். அது இன்றும் இலண்டனில் அவர் கடைசியாக வாழ்ந்த இல்லத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. இக்காலத்து உளவியக்கச் சிகிச்சையிலோ பெரும்பாலும் நாற்காலிகளே போதும். பேசியவை அவ்வறையை விட்டு வெளியேறா. உயிருக்கு ஆபத்து நேரும் என்னும் நிலை போன்ற சிற்சில விலக்குகளையும் முன்னரே சொல்லிவிடுவர்.

முதற் சில வாரங்களில் அலுவலர் தம் கதையைக் கூறுகின்றார். அவர்க்குப் பத்து வயதாயிருக்கையில் தாய் நெடுநாள் நோயுற்றுக் கிடந்தாள். "நீ சத்தமிட்டால் அம்மாவுக்கு நோய் அதிகமாகும்," என்று வீட்டார் கூறுவர். தாய் ஓராண்டில் இறந்தாள். இதனை அவர் செய்தித்தாள் படிப்பவர்போல உணர்ச்சியின்றிச் சொல்லிச் செல்கின்றார். சிகிச்சையாளர் விரைந்து விளக்கம் கூறுவதில்லை; செவிமடுக்கின்றார். அலுவலரோ ஒருநாளும் தாமதித்து வருவதில்லை, சிகிச்சையாளரைப் புகழ்கின்றார், ஒரு குறையும் சொல்வதில்லை.

ஒருநாள் சிகிச்சையாளர், அடுத்த மாதம் இரண்டு வாரம் தாம் வெளியூர் செல்வதாகத் தெரிவிக்கின்றார். "அதனாலென்ன, தங்களுக்கும் ஓய்வு வேண்டுமே," என்கின்றார் அலுவலர். மறுவாரம் அரைமணி தாமதித்து வந்து, பேச ஒன்றுமில்லை என்கின்றார். சிகிச்சையாளர் அமைதியாக, "பாதகமில்லை என்றீர்கள், ஆனால் இன்றுதான் முதன்முறையாகத் தாமதித்து வந்திருக்கின்றீர்கள். யான் செல்வதைப் பற்றிச் சொல்லக் கூசும் ஏதோ ஒன்று உண்டோ?" என்று வினவுகின்றார். நெடுநேரம் மௌனம். பிறகு, "போகிறவர்கள் போகத்தானே செய்வார்கள்! கேட்பதற்கு யான் யார்?" என்று அலுவலர் குரல் உயர்ந்துவிடுகின்றது. உடனே முகம் வெளிறுகின்றது. தாம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கின்றார். மற்றவரோ சினக்கவில்லை, நோயுற்று வீழவுமில்லை, அடுத்த வாரமும் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். "தங்கள் சினம் என்னைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினீர்கள் போலும்," என்று மாத்திரம் கூறுகின்றார். அப்பொழுதே அலுவலர் தம் தாய்க்காக, முப்பது ஆண்டுகட்குப் பின், முதன்முதலாக அழுகின்றார். தம் சத்தமே தாயைக் கொன்றது என்று நம்பிவந்த சிறுவனை அவர் தம்முள்ளே காண்கின்றார்.

இங்கு நிகழ்ந்தது யாது? பழைய உறவில் தோன்றிய உணர்ச்சி, புதிய உறவின்மேற் பெயர்ந்து வந்தது. இதனை உணர்ச்சிப் பெயர்ச்சி எனலாம். நாம் அனைவரும் நாடோறும் இவ்வாறு செய்கின்றோம். ஆசிரியரிடத்தே தந்தையையும், நண்பனிடத்தே தமையனையும் காண்கின்றோம். வெளியுலகில் அப்பெயர்ச்சி அறியப்படாமலே போகின்றது. சிகிச்சை அறையில் அது கண்முன்னே உயிர்பெற்று நிற்பதால், இருவரும் சேர்ந்து அதனை ஆராய இயலுகின்றது. தாய் இறந்த கதையை அலுவலர் முன்னமே சொல்லியிருந்தார். ஆனால் சொன்னமையால் மாறவில்லை. பழைய அச்சம் மீண்டும் எழுந்த வேளையில், அஞ்சிய தீங்கு விளையாமையைக் கண்டமையால் மாறத் தொடங்கினார். அறிவால் அறிவதற்கும் அனுபவத்தால் அறிவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஒருமுறை கண்டவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பழைய வழக்கம் வேறு வேறு வேடத்தில் மீண்டும் வரும். மீண்டும் மீண்டும் கண்டு தெளிதல் வேண்டும். இதனைப் பிராய்டு 1914இல் எழுதிய கட்டுரையொன்றில் வற்புறுத்தினார். நம் அலுவலரும் பல மாதங்களுக்குப் பின் ஒருநாள், "இச்சனிக்கிழமை என்னால் வர இயலாது, ஐயா," என்று மேலதிகாரியிடம் கூறுகின்றார். "சரி," என்று அவர் விட்டுவிடுகின்றார். கேட்பவர்க்கு இஃது அற்பமான செய்தி. சொன்னவர்க்கோ வாழ்வில் ஒரு புதிய திறப்பு. அன்று மாலை அவர் குழந்தைகள்மேற் சீறவில்லை.

சிகிச்சையாளர் அறிவுரை கூறாமை பலர்க்கு வியப்பளிக்கும். "மேலதிகாரியிடம் துணிந்து பேசுக" என்று முதல் நாளே சொல்லியிருக்கலாகாதோ எனின், சொல்லியிருப்பின் அவ்வலுவலர், எவர் சொல்லையும் தட்டாத தம் இயல்பினால், அதற்கும் கீழ்ப்படிந்திருப்பார். நோய் அப்படியே இருந்திருக்கும். பிறர் கொடுத்த விடை பிறருடையதே. தன் நிலையைத் தானே கண்டவன், பின்னர் வரும் இன்னல்களிலும் அக்கண்ணைத் துணைக்கொள்வான்.

இம்முறை ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. கல்கத்தாவில் மருத்துவராயிருந்த கிரீந்திரசேகர போஸ், 1922இல் இந்திய உளப்பகுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிராய்டோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தும், அவர் கூறியன அனைத்தையும் போஸ் ஏற்கவில்லை. ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு மாறான விருப்பமும் இணைந்தே உள்ளது என்னும் தம் கொள்கையை வலியுறுத்தினார். பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளை முன்னிட்டு 1931இல் அச்சங்கத்தார் தந்தத்தாலான திருமால் திருவுருவம் ஒன்றை அனுப்ப, அதனை அவர் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார். 1940இல் கல்கத்தாவில் லும்பினி பார்க் என்னும் உளநோய் மருத்துவமனையும் போஸ் முதலியோர் முயற்சியால் நிறுவப்பட்டது.

இனி, இச்சிகிச்சையால் மெய்யாகவே பயனுண்டோ என்னும் வினாவை ஒதுக்குதல் நேர்மையாகாது. 1952இல் ஹான்ஸ் ஐசெங்க் என்னும் உளநூற் புலவர், சிகிச்சை பெற்றோர் பெறாதோரினும் மிகுதியாக நலமடைந்தார் என்பதற்குச் சான்றில்லை என்று எழுதினார். அக்கண்டனம் நன்மையே செய்தது. நம்பிக்கையால் மட்டும் நின்ற துறை, சோதனைக்கு உட்படலாயிற்று. 2015இல் இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி குறிப்பிடத்தக்கது. வேறு சிகிச்சைகளால் தீராத நெடுநாள் மனச்சோர்வுற்ற 129 பேரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவார்க்கு வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை பதினெட்டு மாதம் இப்பேச்சுச் சிகிச்சையும் அளித்தனர். மற்றையோர்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சிகிச்சை முடிவில் இரு பிரிவார்க்கும் பெரிய வேற்றுமை தோன்றவில்லை. ஆனால் தொடக்கத்திலிருந்து 42 மாதம் கழித்து நோக்கியபோது, பேச்சுச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 30 பேர் ஓரளவேனும் நோய் தணிந்திருந்தனர். மற்றையோருள் நூற்றுக்கு 4 பேரே அந்நிலையில் இருந்தனர். முழுக் குணம் பெற்றோர் இரு பிரிவிலும் சிலரே என்பதையும் மறைத்தலாகாது. எனினும், சிகிச்சை நின்றபின்னும் அதன் பயன் நிலைத்திருந்தமை, கற்றுக்கொண்டது உள்ளே தொடர்ந்து வேலை செய்கின்றது என்பதைக் காட்டுகின்றது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும். அறிவு திரிந்த கடும் உளநோயாளர்க்கு மருந்தும் மருத்துவர் மேற்பார்வையும் இன்றியமையாதன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையார் ஒரு கணமும் தாமதியாது மருத்துவ உதவி பெறல் வேண்டும். சிலர்க்கு, இன்றைய எண்ணங்களையும் பழக்கங்களையும் நேரே திருத்தும் பிற முறைகள் விரைவில் நலம் தரும். பிராய்டின் கருத்துக்களிற் பல, சிறப்பாக மகளிரைப் பற்றியவை, இன்று கைவிடப்பட்டன. ஒருவர் நூல்களைக் கற்ற அளவில் இத்தொழிலுக்குத் தகுதி பெறார். தம் உள்ளத்தையும் இவ்வாறே பிறரொருவர் துணையால் ஆராய்ந்து பயின்றவரே பிறர் உள்ளத்தைத் தொடத் தக்கவர். துயரமே அற்ற வாழ்வை இச்சிகிச்சை அளிப்பதாகவும் கூறுவதில்லை. வீணாகச் சுமந்த துயரத்தை நீக்கி, வாழ்வு எல்லார்க்கும் பகிர்ந்தளிக்கும் துயரத்தைத் தாங்கும் வலிமையையே அளிக்கின்றது.

மாணவ நண்பர்காள்! நீவிர் ஒவ்வொருவரும் சிகிச்சையாளராதல் வேண்டுமென்று யான் கூறவில்லை. பயிலாதவர் பிறர் அடிமனத்தை ஆராயப் புகுதல் தீங்காகவும் முடியும். ஆயினும், துயருற்ற நண்பன் ஒருவன் நும் அறை வாயிலில் வந்து நிற்பானாயின், அவனுக்குப் பெரியோர் சரித்திரங்களைச் சொல்லத் தொடங்குமுன், "என்ன நேர்ந்தது?" என்று கேண்மின். கேட்டபின் வாய்மூடி இருமின். அவன் அழுதால் அழவிடுமின். நும் அளவுக்கு மேற்பட்டதாயின், உதவி புரிய வல்லாரிடம் உடன் அழைத்துச் செல்லுமின். வாயிலில் வந்து நிற்பவர் நீவிரேயாயின், நாணற்க. கால் முறிந்தவன் நாணுவதில்லை.

அன்றிரவு அம்மாணவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை, புகைவண்டி நிலையத்தில் யான் கேட்டேன். வண்டி புறப்படுதற்கு அரைமணி நேரம் இருந்தது. அவன் சொன்னான், யான் இடையே ஒன்றும் பேசவில்லை. பல ஆண்டு தாமதித்துக் கேட்ட கேள்விக்கும் விடை காத்திருந்தது.